ஆறாவது கசெற்

என் மனுசனுக்குச் சவரம் செய்யும்போது விசிலடிக்கிற பழக்கம் உண்டு. இருபத்தொன்பது வருடமாக ஒரே மெட்டு. கன்னத்தில் தொடங்கி, தாடைக்கு வரும்போது மெதுவாக மேலே ஏறி, ஓரிடத்தில் நின்று யோசித்துவிட்டு இறங்கும். ஏதோ பழைய சினிமாப் பாட்டு என்று நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்ததில்லை. கட்டின புருசனின் விசிலுக்கெல்லாம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்தினாற்போலத்தான்.

போன திங்கட்கிழமை காலை அதே மெட்டை வேறொருவர் வாயிலிருந்து கேட்டேன். கையிலிருந்த தட்டு ஆடிப் பால் சிந்தியது. முணுமுணுத்தவர் என் முதலாளி மொறிஸ் பெட்வின். அவருக்கு முன்னால் ஒரு கமராவும், அவரைப் பற்றிப் படம் எடுக்க வந்த ஹனா என்ற பெண்ணும் இருந்தார்கள்.

மொறிஸ் பெட்வின் என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எழுபது வயது வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். லண்டனில் தோர்ன்டன் ஹீத்தில் பஸ் ஓட்டினவரின் மகன். பதின்மூன்று வயதில் ஒரு மட்டமான கிற்றாரை வைத்துக்கொண்டு விரல் தோல் உரிய உரியப் பழகியவர். பக்கத்துக் கதிரையில் இருந்து படித்த லென் ஸ்டப்ஸ் பிஸ்கட் தகரத்தில் தாளம் போடுவாராம். இரண்டு பேரும் வேறு இரண்டு பேரைச் சேர்த்து டின் பேரிஷ் என்று ஒரு றொக் குழு அமைத்தார்கள். பாட்டெல்லாம் மொறிஸ் எழுதியது, பாடியது வடிவான முகமுள்ள இன்னொருவர். எழுபத்தோராம் ஆண்டு ஒரு ரயில் பாட்டு நாட்டையே கலக்கியது. இன்றைக்கும் அது சுப்பர்மார்க்கெற்றில் போகும். பருப்புப் பைக்கற்றோடு நின்று கேட்கும்போது எனக்கு ஒரு சின்னப் பெருமை. பிறகு அமெரிக்கா, கூட்டம், குடி, வழக்கு, கோடு கச்சேரி. எழுபத்தேழில் வடிவான முகம் கழன்றுபோனது, குழு சரிந்தது. தனியாகப் போட்ட இரண்டு றெக்கோட்டும் படுத்துவிட்டன. மனைவியும் போய்விட்டா. மிஞ்சியது நோர்பரி மேட்டில் ஒரு பெரிய பழைய வீடு, பதினொரு கிற்றார், லென்.

அந்த வீட்டைத்தான் நான் முப்பத்துமூன்று வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வலது கை நடுங்குகிற நோய் வருத்தம். கிற்றார்களைத் தொடுவது நான் மட்டும்தான், அதுவும் தூசு தட்ட.

"தொலைந்துபோன பாட்டுகளில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?" என்று ஹனா கேட்டாள். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

மொறிஸ் கண்ணை மூடி முணுமுணுத்தார். மேலே ஏறுகிற இடத்தில் நின்றுவிட்டார். "இதற்கு மேல் வராது. முப்பது வருடமாக இந்த இடத்தில்தான் நிற்கிறேன்," என்றார்.

என் தலைக்குள் என் மனுசன் மிச்சத்தை விசிலடித்து முடித்தார்.

தொலைந்த பாட்டுகளின் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் பாடம். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரிகாலத்தில் மொறிஸும் லெனும் முன்னறையில் இருந்து பன்னிரண்டு பாட்டுச் செய்தார்கள். ஆறு கசெற்றில் பதிந்தார்கள். தன் வாழ்நாளில் செய்த நல்ல வேலை அது ஒன்றுதான் என்று மொறிஸ் சொல்வார். அடுத்த வருடம் தேடினால் கசெற்றுகள் இல்லை. குடித்துக் குடித்து எழுதினதில் பாட்டுகளும் மறந்துபோயின. மொறிஸைத் தவிர வீட்டுக் கதவுத் திறப்பு வைத்திருந்த ஆள் லென். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை வந்தது. லென் வெளியே போனார், திரும்பி வரவில்லை. மொறிஸ் அதற்குப் பிறகு ஒரு பாட்டுக்கூட எழுதவில்லை.

"வியாழக்கிழமை அந்தப் பகுதியைப் படம் பிடிப்போம். கசெற்றை எடுத்தது யார் என்று கமராவுக்கு முன்னால் சொல்வீர்களா?" என்றாள் ஹனா.

"சொல்வேன். லென் என்று பெயரோடு சொல்வேன். சாவதற்கு முன் ஒருமுறையாவது சொல்லவேண்டும்."

லென் இப்போது மார்கேற் என்ற கடற்கரை ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று கேள்வி. அந்த மனிதன் கள்ளன் என்ற பெயரோடு சாகப்போகிறார். கசெற்றுகளை எடுத்தது நான்.

இதை எழுதும்போதுகூடக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூற்றிரண்டில் நான் தனியாக இங்கே வந்து இறங்கினேன். அகதி விண்ணப்பம் உள்துறை அலுவலகத்தில் கிடந்தது, வேலை செய்ய அனுமதி இல்லை. ஒளித்து ஒளித்துத்தான் மொறிஸ் வீட்டில் கூட்டினேன். என் மனுசன் யோகலிங்கம் யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள் மாட்டுப்பட்டிருந்தார். போன் கிடையாது. கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். அந்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, கொழும்புக்குப் போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவது. குரலைக் கேட்டால் ஆள் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம் அல்லவா.

ஒருநாள் மொறிஸ் வீட்டுப் பின்வாசலில் குப்பைப் பைகளோடு ஒரு மட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே ஆறு கசெற். பேனையால் ஏதோ கிறுக்கியிருந்தது. இங்கிலீஷ் பாட்டு எனக்கெதற்கு, போட்டுப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், குடித்துவிட்டுச் சோபாவில் கிடந்த மொறிஸிடம் "பின்?" என்று கேட்டேன். குப்பைத் தொட்டிக்கா என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அவர் கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டினார். சரி, குப்பைதானே என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு சின்னத் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறொன்றும் பதிய முடியாது. அந்த ஆறிலும் உடைத்திருந்தது. எங்கள் வீடுகளில் அதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. ஓட்டையின் மேல் செலோரேப் ஒட்டினால் பதியும். ஆறுக்கும் ஒட்டினேன். உடைத்து வைத்தவன் ஏன் உடைத்தான் என்று அரை நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதன்மேல் பேசினேன். அரிசி விலை, குளிர், கோயிலில் கண்டவர்கள், எல்லாம். கசெற்றை வீணாக்குகிற வளர்ப்பில்லை, இரண்டு பக்கமும் நிரப்பித்தான் அனுப்புவேன். சில மாதம் கழித்து மொறிஸும் லெனும் சண்டை பிடித்தபோது, திரும்பத் திரும்பக் கேட்ட கசெற் என்ற சொல்லில்தான் விசயம் விளங்கியது. நான் குசினியில் நின்றேன். போய்ச் சொல்லியிருக்கலாம். பொலிஸ் வரும், அனுமதியில்லாமல் வேலை செய்தது தெரியவரும், பிளேனில் ஏற்றிவிடுவார்கள். குண்டு விழுகிற ஊருக்கு. நான் சிங்குக்கு முன்னால் நின்று, கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

பிறகு விசா வந்தது, பாஸ்போட் வந்தது, வீடு வந்தது. பயம் மட்டும் போகவில்லை. வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவ ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் யோகலிங்கத்தைக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் சேவ் எடுக்கேக்கை விசிலடிக்கிறது என்ன பாட்டு?"

அவர் பேப்பரை இறக்கினார். "நீர் அனுப்பின பாட்டுத்தானே."

"நான் எங்கை பாட்டு அனுப்பினனான்?"

"கடைசிக் கசெற்றிலை. நீர் கதைச்சுக்கொண்டு வந்து இடையிலை நிப்பாட்டிப்போட்டு பாட்டுப் போட்டிருந்தீர்."

எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆறாவது கசெற். நான் வாடகைக்கு இருந்த அறையில் காசு போட்டால்தான் கரண்ட். பேசிக்கொண்டிருக்கும்போது மீற்றர் முடிந்து றெக்கோடர் நின்றுவிட்டது. கையில் சில்லறை இல்லை. கொண்டுபோகிறவர் வாசலில் நின்றார். அப்படியே கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

"ஊரிலை கரண்ட் எங்கை?" என்றார் அவர். "சைக்கிளைக் கவிட்டு வைச்சு, கையாலை சில்லைச் சுத்தி, டைனமோவிலைதான் கேட்டனான். மெதுவாச் சுத்தினா உம்மடை குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி இழுபடும். கை விட்டுப்போனாலும் அந்தப் பாட்டைக் கேக்காமல் விடேல்லை. வாயாலை சொல்ல ஏலாததைப் பாட்டாப் போட்டிருக்கிறீர் எண்டு நினைச்சன்."

இருபத்தொன்பது வருடம் இதை மனதில் வைத்திருந்து என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பயம் வந்தது.

"அந்தக் கசெற் எங்கை?"

அவர் எழும்பிப் போய், வீட்டு உறுதிப் பத்திரம் வைத்திருக்கிற பெட்டியைத் திறந்தார். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது ஒரு பையோடு நடந்தவர். மற்ற ஐந்தும் அங்கேயே போயிற்று, இதை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் செலோரேப் மஞ்சளாகிக் கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "கொண்டுபோய்க் குடும்," என்றார்.

"பொலிஸ் வந்தால்? சிற்றிசனைப் பறிச்சால்? களவெடுத்து இஞ்சை இருந்தவள் எண்டு பேப்பரிலை போட்டால் கோயிலுக்கு என்னெண்டு போறது?"

"முப்பது வருசம் பயந்தது காணாதோ, தவம்?"

காணாது என்றுதான் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. கசெற்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பத்து மணிக்குக் கதவு மணி அடித்தது. திறந்தால் பொலிஸ். நான் சுவரைப் பிடித்தேன். அந்தப் பொடியன் தெருவில் சைக்கிள் களவு கூடியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தந்துவிட்டுப் போனான். களவு என்ற ஒரு சொல்லோடு என் தைரியமும் போய்விட்டது. அன்றைக்குப் பதினொரு கிற்றாரையும் இரண்டு தரம் துடைத்தேன்.

புதன்கிழமை மொறிஸே பேச்சைத் தொடங்கினார். நடுங்குகிற கையை மற்றக் கையால் அமத்திக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார்.

"டாவா," என்றார். தவநாயகி அவர் வாய்க்குள் அடங்காது. "எனக்குப் பயமாக இருக்கிறது. சாகிறதுக்கில்லை. நாளைக்கு லென் பெயரைச் சொல்லிவிட்டு, அது பிழை என்றால்?"

இதைவிட நல்ல வாசல் யாருக்குத் திறக்கும். நான் வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி போடட்டா?" என்றுதான் வந்தது. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. குசினிக்குள் போய், கேத்தலைப் பார்த்து என்னையே திட்டினேன், அதுவும் யாழ்ப்பாணத்துச் சந்தையில் மட்டும் கேட்கிற சொற்களால்.

வியாழன் காலை யோகலிங்கம் சவரம் செய்யும்போது விசில் கேட்கவில்லை. எனக்காக அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. குளியலறைக் கதவுக்கு வெளியே அந்த மௌனத்தைக் கேட்டபோதுதான் நான் சப்பாத்தைக் காலில் மாட்டினேன்.

ஹனா பத்து மணிக்கு வருவாள். நான் எட்டரைக்கே போனேன். மொறிஸ் சேர்ட் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போட்டுவிட்டேன். பிறகு ஒன்றும் சொல்லாமல், அலுமாரிக்குள் கிடந்த பழைய பிளேயரை எடுத்து வைத்துக் கசெற்றைப் போட்டேன். சொல்லத் தொடங்கினால் திரும்பவும் தேத்தண்ணியில்தான் முடியும் என்று தெரியும்.

என் குரல் வந்தது. இளம் குரல், எனக்கே அந்நியமாக இருந்தது. "இஞ்சருங்கோ, நான் சுகமா இருக்கிறன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இஞ்சை ஒரு பெரிய பாட்டுக்காரரின்ரை கந்தோரிலை வேலை." விளக்குமாற்று வேலையை ஆபீஸ் வேலையாக்கிக் கந்தோர் என்று சொல்லியிருக்கிறேன். மொறிஸ் புருவத்தை உயர்த்தினார். "இது நீதானே?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் பொறுமையாக இருந்தார். நான் கை விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தேன். பன்னிரண்டு நிமிடம் போனது. அந்தக் குரல் கடைசியாக, "உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான், எனக்கு இஞ்சை சரியான" என்று தொடங்கி நின்றது. பயம் என்று சொல்ல வந்தேன். மீற்றர் விடவில்லை.

கிளிக் என்று ஒரு சத்தம். கிற்றார் தொடங்கியது.

மொறிஸின் முகத்தை எப்படிச் சொல்வது. இரத்தம் இறங்கிப்போய்விட்டது, ஆள் விழுந்துவிடுவாரோ என்று கிட்டப் போனேன். கசெற்றில் அவருடைய நாற்பத்தைந்து வயதுக் குரல் பாடியது. ஏறுகிற இடத்துக்கு வந்தது, நின்றது, ஏறிப்போனது. அவருடைய இடது கை விரல்கள் கதிரைக் கையில் கம்பிகளைத் தேடி அமத்தின. அந்தக் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வலது கை அதன் பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் இன்னொரு குரல் சிரித்தது. லென். "இன்னொருக்கால், மொறிஸ். இந்தமுறை அழாமல் பாடு," என்றது அந்தக் குரல்.

நான் பிளேயரை நிறுத்தினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பின், ஆட்டின கை, செலோரேப், சண்டை, குசினி. "மற்றப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாட்டு இருக்கிறதென்று என் மனுசன் சொன்னார். மற்ற ஒன்பதையும் அழித்தது நான். பொலிஸுக்கு அறிவிக்கிறதென்றால் அறிவியுங்கள்," என்றேன்.

அவர் கத்துவார் என்று முப்பது வருடமாகக் காத்திருக்கிறேன். கத்தவில்லை.

"லென் அன்றைக்கு என்ன சொன்னான் தெரியுமா?" என்றார். "நான் அவனைச் சந்தேகப்படவே இல்லை, முதலில். ரெண்டு பேரும் சேர்ந்துதான் தேடினோம். அவன் சொன்னான், அந்தக் கூட்டுகிற பெண்ணைக் கேட்டுப் பார் என்று. எனக்குக் கோபம் வந்தது. டாவா கேட்காமல் ஒரு பிஸ்கட்கூட எடுக்கமாட்டாள், ஏழைப் பெண்ணின் தலையில் போடுகிறவன்தான் கள்ளன் என்றேன். அதில்தான் சண்டை. அதற்காகத்தான் அவனை வெளியே போகச் சொன்னேன்."

குசினியில் நின்ற எனக்கு அன்று சத்தமும் கசெற் என்ற சொல்லும் மட்டும்தான் பிடிபட்டது. மற்றச் சொற்கள் விளங்குகிற அளவுக்கு இங்கிலீஷ் இருக்கவில்லை. எனக்காகத்தான் இந்த மனிதன் சண்டை பிடித்திருக்கிறார். பொலிஸுக்கும் பிளேனுக்கும் பயந்து பயந்து, பயப்படவேண்டிய ஒன்றை, அவர் என்மேல் வைத்த நம்பிக்கையை, விட்டுவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கதிரையில் குந்தி அழுதேன்.

வாசல் மணி அடித்தது. ஹனா. மொறிஸ் எழும்பவில்லை.

"நிற்கட்டும்," என்றார். மேசையில் இருந்த போனை என் பக்கம் தள்ளினார். பக்கத்தில் பழைய நம்பர்ப் புத்தகம், மார்கேற் இல்லத்து நம்பர். யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருக்கிறார், ஒருநாளும் அடித்ததில்லை. "என் விரல் நம்பருக்கு நிற்காது. நீ அடி."

அடித்தேன். தாதி ஒருத்தி எடுத்தாள். லென் ஸ்டப்ஸ் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், ஆனால் அதிகம் பேச ஏலாது, பிடியுங்கள் என்றாள். போனை மொறிஸிடம் நீட்டினேன்.

அவர் தலையை ஆட்டினார். "முதலில் நீ. பிறகு நான். எனக்கு உன்னைவிடப் பயம்," என்றார்.

வாசல் மணி திரும்பவும் அடித்தது. போனுக்குள் கட்டில் கிறீச்சிட்டது, யாரோ தலையணையைச் சரிசெய்தார்கள். பிறகு ஒரு கிழட்டுக் குரல், கசெற்றில் சிரித்த அதே குரல், மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது.

"யார்?"

"மொறிஸ் வீட்டைக் கூட்டுகிற பெண்," என்றேன். "நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி. கசெற்றை எடுத்தது நான்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, நின்று, திரும்ப இழுத்தது. நான் போனை வைக்கவில்லை.